நின்னதைக் காட்டுங்க

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நர்ஸம்மா என் கால்களைப் பார்த்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். நோர்வூட் தபால் கந்தோரிலிருந்து நாலு மைல் மேடு ஏறி, தப்பால் பையை ஆபீசில் இறக்கிவிட்டு, மருந்துப் பெட்டி ஒன்றைக் கொடுப்பதற்காக டிஸ்பென்சரி வாசலில் நின்றிருந்தேன். தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எத்தனை மணிக்குக் கடிச்சது?” என்றார்.

“எதுங்க?”

“அட்டை. கணுக்கால்ல ஓடுதே ரத்தம், அது.”

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கோடுகள் இறங்கி விரலிடுக்கில் சேர்ந்திருந்தன. மழைக்காலத்தில் எந்தத் தோட்டத்திலும் எவன் காலைப் பார்த்தாலும் இது இருக்கும். அதற்கு மணி பார்க்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

“மூங்கில் பாலத்துக்கிட்ட கடிச்சிருக்கும்” என்றேன்.

“பாலத்துல மணிக்கூடு கட்டித் தொங்கவிட்டிருக்காங்களா? உக்காருங்க தம்பி.”

படியில் உட்கார்ந்தேன். அவர் இடது கையில் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்றைத் தொளதொளவென்று கட்டியிருந்தார். அதைப் பார்ப்பதும் என் காலைப் பார்ப்பதுமாக ஒரு பிள்ளைக்குக் கண்ணுக்கு மருந்து விட்டார், ஒருத்திக்குக் கைப்புண்ணில் கட்டுப் போட்டார். எனக்குப் பசி. கடைசியில், “நின்னுருச்சும்மா, நான் போறேன்” என்று எழுந்தேன்.

“நின்னுருச்சுன்னு சொல்லாதீங்க. நின்னதைக் காட்டுங்க.”

பஞ்சால் துடைத்தார். துடைத்த இடத்தில் மறுபடி ஒரு பொட்டு முளைத்தது. “பாத்தீங்களா?” என்றார். அதில் அவருக்கு ஒரு திருப்தி. என்னை இன்னும் அரை மணி நேரம் உட்கார வைத்தார்.

இலங்கை சுதந்திரம் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் கையில் எந்த நாட்டுக் குடியுரிமைக் கடுதாசியும் இல்லை. வட்டகொடையில் தண்டவாள வேலை, தலவாக்கலையில் விறகு வண்டி என்று ஓரிடத்தில் ஆறு மாதம் தங்காமல் சுற்றிவிட்டு, ஒரு கங்காணியின் தயவில் இந்தத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்ததால் மேல்விலாசம் வாசிக்க வரும். தப்பால்காரன் வேலைக்கு அது போதும். காலையில் பையோடு இறங்கி, பகலில் பையோடு ஏற வேண்டும். சம்பளம் குறைவு, அட்டை அதிகம். அந்தத் தோட்டத்தில் நான் இரண்டு வருஷம் இருந்ததற்கு நர்ஸம்மா ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் பிரசவம் பார்க்கிற மிட்வைப். மருந்து கொடுக்க டிஸ்பென்சர் ஒருவர் இருந்தார். மூன்று தோட்டத்துக்கும் அவர் ஒருவரே என்பதால் வாரத்தில் இரண்டு நாள்தான் எங்கள் பக்கம் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், வெட்டு, வயிற்றுவலி எல்லாம் நர்ஸம்மாவிடம்தான் வரும். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். வெள்ளைச் சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தூக்கிச் செருகி, ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்குவார். கங்காணி தொடங்கி கிளாக்கர் வரை எல்லாரும் எங்களை வாடா போடா என்று கூப்பிட்ட இடத்தில், நேற்றுப் பிறந்த பிள்ளையைத் தவிர மற்ற எல்லாரையும் அவர் ‘நீங்க’ என்றுதான் பேசினார். ஆனால் அந்த மரியாதையோடு அவர் கொடுக்கிற தொல்லைக்கு, வாடா போடாவே தேவலை என்று சிலர் சொன்னார்கள்.

தொல்லை என்பது இதுதான். ரத்தம் எங்கே வந்தாலும் அது நிற்கும்வரை அவர் நகரமாட்டார். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி விரலில் பட்டவன், மூக்கில் ரத்தம் வந்த பிள்ளை, பிரசவித்தவள், எல்லாருக்கும் ஒரே சட்டம். எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதுவார். ‘நின்றுவிட்டது’ என்று அடுத்தவர் சொல்வதை அவர் காது வாங்காது.

இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா எனக்குச் சொன்னார். அவர் நர்ஸம்மாவோடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். அங்கே ஒரு பிரசவம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. துணைக்கு நின்ற பெண், “நின்னுருச்சும்மா, நீங்க போய்க் கை கழுவுங்க” என்றாளாம். முதல் நாள் காலையிலிருந்து நின்றபடி இருந்த நர்ஸம்மா அதை நம்பித் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் கை கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். குளிருக்காகத் தாய்மேல் கம்பளி போர்த்தியிருந்தார்கள். கறுப்புக் கம்பளி. அதற்கு அடியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

“தாய் போயிருச்சு. நின்னுருச்சுன்னு சொன்ன பொம்பளை மேல இவங்க கோவப்படவே இல்ல” என்றார் ஆயம்மா. “நான் ஏன் பாக்கலைன்னு மட்டும் சொல்லிச்சு. அடுத்த வாரம் ஹட்டன் போயி அந்த மணிக்கூடை வாங்கிக் கட்டிக்கிச்சு.”

நர்ஸம்மா வாயிலிருந்து இதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் தோட்டத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கு எல்லாம் பிறந்த அன்றே தொடையில் ஓர் ஊசி போடுவார். அது கே விட்டமின். அதற்காக அவர் நடத்திய யுத்தம் எனக்குத் தெரியும், கடிதங்களைச் சுமந்தவன் நான்தான். ஊசி மருந்து வேண்டுமென்று மாதம் ஒரு கடிதம் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு எழுதுவார். செலவு அதிகம், அவசியமில்லை என்று பதில் வரும். அடுத்த மாதம் அதே கடிதம். ஒரு சொல் மாறாது, தேதி மட்டும் மாறும். ஆறாவது கடிதத்துக்கு மருந்து வந்தது. துரைக்குப் புரிந்ததா, சலித்துப்போனதா என்று தெரியாது.

லயத்தில் அதற்கு வேறு யுத்தம். “பொறந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள ஊசியா?” என்று ஒரு கவ்வாத்துக்காரன் பிள்ளையைத் துணியோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு கொடுக்க மறுத்தான்.

“ரத்தத்தை உறைய வைக்கிறதுக்கு ஒரு சத்து வேணும். பொறக்குறப்ப பிள்ளைகிட்ட அது கொஞ்சந்தான் இருக்கும். தாய்ப்பால்லயும் கம்மி. நமக்குக் கீரையில கிடைக்குது. உங்க பிள்ளை கீரை திங்குமா?”

“திங்காதுங்க.”

“அப்பக் குடுங்க.”

ஊசி போட்டும் அவர் விடமாட்டார். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் போய்த் தொப்புளை அவிழ்த்துப் பார்ப்பார். ஊசி வருவதற்கு முந்திய வருஷம் ஒரு பிள்ளை தொப்புளில் கசிந்த ரத்தம் நிற்காமலே இறந்துபோனதாம். தண்ணீர்ப் பீலியில் நிற்கிற பெண்கள் அவர் தலையைக் கண்டதும், “நர்ஸம்மா வர்றாங்க, தொப்புளைத் தொறந்து வைங்கடி!” என்று குரல் கொடுத்துச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

இனி டீமேக்கர் கதைக்கு வருகிறேன். நர்ஸம்மா என்றதும் எனக்கு நினைவு வருவது அதுதான்.

கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் டீமேக்கர் என்றால் துரைக்கு அடுத்த ஆள் மாதிரி. எங்கள் டீமேக்கர் ஐயா உயரமான மனிதர். கோபக்காரர், ஆனால் கெட்டவர் இல்லை. முந்திய வருஷம் ஸ்டோர் மாடிப்படியில் விழுந்து கால் முறிந்து கொழும்பில் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்போது அந்தக் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகிவிட்டது. இன்னொரு தடவை அப்படி உறைந்து அது நெஞ்சுக்குப் போனால் ஆபத்து என்று, ரத்தம் எளிதில் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அவரும் ஒழுங்காக விழுங்குவார். ஒழுங்காகக் கொழும்புக்குப் போய் ரத்தம் பரிசோதித்து வருவார்.

இதற்கிடையில் பினாங்கில் இருக்கிற அவருடைய மச்சினர் ஒரு பார்சல் அனுப்பினார். நான்தான் அதைத் தூக்கி வந்தேன். இரண்டு பெரிய கண்ணாடிப் போத்தல்கள். உள்ளே தேன் நிறத்தில் உருண்டை உருண்டையாக எண்ணெய் மாத்திரைகள். “ஈ விட்டமின்டா. இருதயத்துக்கு, ரத்த ஓட்டத்துக்கு, எல்லாத்துக்கும் நல்லதாம்” என்று ஐயா எனக்கே ஒன்றை எடுத்துக் காட்டினார். நாளைக்கு ஒன்று என்று போத்தலில் எழுதியிருந்தது. அவர் காலையில் நாலு, மாலையில் நாலு விழுங்கினார். சத்துத்தானே, கூடினால் என்ன என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அவருக்கு வந்த கடிதத்தைக் கொடுக்கக் குவாட்டர்ஸுக்குப் போனேன். வாசல் சீமெந்தில் ரத்தக் கால்தடம் இருந்தது. ஐயா சாய்வு நாற்காலியில் வீங்கிய கன்னத்தில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தார். இடது காலில் போட்டிருந்த மேஜோடு முழுக்கச் சிவப்பு.

“என்னங்க ஐயா கால்ல?”

“அட்டைடா. நேத்துக் காலையில. அத விடு, இந்தப் பல்லு உசிரை வாங்குது.”

அட்டை என்றதும் நானும் விட்டுவிட்டேன். வேறு ஊரில் ஒரு மனிதன் மேஜோடு நனைய ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தால் ஊர் கூடும். எங்கள் மலையில் அதற்கு அட்டை என்று ஒரு சொல் போதும், மேற்கொண்டு யாரும் பார்க்கமாட்டார்கள். டிஸ்பென்சரிக்குப் போனபோது பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன்.

நர்ஸம்மா பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. “நேத்துக் காலையிலயா?”

“அப்படித்தான் சொன்னாரு.”

“அட்டைக்கடி ஒரு மணி நேரம் கசியும், ரெண்டு மணி நேரம் கசியும். ஒண்ணே கால் நாளா கசியும்?” அப்போதே சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன்.

டீமேக்கர் ஐயா அவரைப் பார்த்ததும், “நர்ஸம்மா, எனக்கு இன்னும் பிரசவ வலி எடுக்கலையே” என்றார். உள்ளே அவர் மனைவி சிரித்தது கேட்டது.

நர்ஸம்மா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் மேஜோட்டைக் கழற்றிக் காலைப் பார்த்தார். பிறகு கேள்விகள். கொழும்பு மாத்திரையைக் கூட்டிக் குறைத்தீர்களா? இல்லை. பல்வலிக்குத் தலைவலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா? அது கூடாது என்று கொழும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார், கராம்பு எண்ணெய்தான். கடைசியாக ரத்தம் பரிசோதித்தது எப்போது?

“அஞ்சு வாரம் முந்தி. எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. போதுமா?”

“அதுக்கப்புறம் புதுசா என்ன சாப்புடுறீங்க?”

“புதுசா ஒண்ணும் இல்ல.”

தப்பால்காரன் தான் சுமந்து வந்ததைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் நான் திறந்தேன். “பினாங்குப் பார்சல் நாலு வாரம் முந்தி வந்துச்சுங்க” என்றேன். ஐயா என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“அது சத்து மாத்திரைடா!” என்று என்னிடம் சொல்லிவிட்டு நர்ஸம்மாவிடம் திரும்பினார். “விட்டமின். நீங்களே பிள்ளைகளுக்கு ஊசியில ஏத்துறீங்கல்ல?”

“ஒரு விட்டமின் ரத்தத்தை உறைய வைக்குது. இன்னொண்ணு உறைய விடாம இழுக்காதுன்னு யாரு சொன்னா? சத்துன்னா ரத்தத்துக்குள்ள போகாதா? ஏற்கெனவே உறையாம இருக்க மாத்திரை போடுறீங்க. அது மேல இது எட்டு.”

“எந்தப் புத்தகத்துல இருக்கு அது?”

“தெரியாதுங்க. நான் பாக்கல. உங்க காலைத்தான் பாக்குறேன்.”

ஐயா எழுந்து நின்றார். தான் நாளைக் காலை பஸ்ஸில் ஹட்டனுக்குப் போவதாகவும், அங்கே சீனக்காரப் பல் வைத்தியர் பல்லைப் பிடுங்கிவிடுவார் என்றும், மூன்று நாளாகத் தூங்கவில்லை என்றும், இனி ஒரு நிமிஷமும் பொறுக்க முடியாது என்றும் சொன்னார். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நர்ஸம்மா படியிறங்கினார். “பல்லைப் பிடுங்கிட்டாங்கன்னா அந்த ரத்தம் நிக்காது தம்பி” என்றார். “பல்லு போன குழியில கட்டுப் போட்டு இறுக்கவும் முடியாது. ஹட்டன்லருந்து திரும்பி வர்றது அவரு பொணந்தான்.”

டிஸ்பென்சர் ஒரு வாரம் லீவில் ஊருக்குப் போயிருந்தார். பெரிய துரை சனி ஞாயிறு கழிக்க நுவரெலியாவுக்குப் போய்விட்டார். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. திரும்பும் வழியில் நர்ஸம்மா ஒன்று மட்டும் கேட்டார். “ஆபீஸ்ல மை ஒத்துற தாள் இருக்கும்ல? ரெண்டு மூணு வாங்கிட்டு வாங்க.”

சனிக்கிழமை காலை முச்சந்தியில் முஸ்லிம் நானாவின் கடை முன்னால் பஸ் நின்றது. பொகவந்தலாவையிலிருந்து வருகிற அந்த பஸ் அங்கே பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் நானா கடையில் தேத்தண்ணி குடிக்காமல் வண்டியை எடுத்ததில்லை. டீமேக்கர் ஐயா கம்பளிக் கோட்டும் கழுத்தில் மப்ளருமாக வந்தார். பஸ் படிக்கு முன்னால் நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார்.

“வழிய விடுங்க நர்ஸம்மா.”

“விடுறேன். அட்டைக்கடின்னா அப்படித்தான் வடியும்னு சொல்றீங்க. சரி. அட்டை கடிக்காத எடத்துல பாப்போம். காதைக் காட்டுங்க.”

“என்னது?”

“காது மடல்ல ஒரே ஒரு ஊசிக் குத்து. சாதாரண ஆளுக்கு மூணு நாலு நிமிஷத்துல நின்னுரும். உங்களுக்கும் நின்னா நானே டிக்கெட் எடுத்து அனுப்புறேன்.”

ஐயாவின் முகம் சிவந்தது. பஸ்ஸில் அவர் ஸ்டோரில் வேலை செய்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸம்மா என் காதைப் பிடித்து ஸ்பிரிட்டால் துடைத்துச் சுருக்கென்று குத்தினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் தாளை ஒற்றி எடுத்தார். முதல் பொட்டு மிளகு அளவு, அப்புறம் கடுகு. ஆறு பொட்டு. ஏழாவது தடவை தாள் வெள்ளையாகவே வந்தது. மூன்று நிமிஷம்.

“எனக்கும் குத்துங்க, பாப்போம்” என்று கடைக்கார நானா தொப்பியைத் தூக்கிக் காதைக் கொடுத்தார். அவருக்கு ஏழு பொட்டு. “சீனி விலைக்கு என் உடம்புல இவ்வளவு ரத்தம் இருக்கிறதே பெரிசு” என்றார். பஸ் சிரித்தது.

“ஐயாவுக்கு ஊசின்னா பயம் போல” என்று ஜன்னலோரமாக ஒரு பெண் குரல் கேட்டது. யாரென்று தெரியவில்லை.

டீமேக்கர் ஐயா மப்ளரைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். கடை முன்னால் கிடந்த பெட்டியில் உட்கார்ந்தார். “குத்துங்க. மூணே நிமிஷம். அப்புறம் நீங்க என் வழியில வரக் கூடாது.”

குத்தினார். ஒற்றினார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒவ்வொரு பொட்டையும் சத்தமாக எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. விளையாட்டுப் போலத்தான் இருந்தது. ஆறு ஆயிற்று. ஏழு, எட்டு. பொட்டு சிறுக்கவில்லை. மிளகு மிளகாகவே இருந்தது. பத்துக்கு மேல் எண்ணுகிற குரல்கள் குறைந்தன. பதினைந்தாவது பொட்டில் டிரைவர் வந்து, “மொகத நோனா? என்ன இது? வண்டி போக வேணும்” என்று சிங்களமும் தமிழும் கலந்து சொன்னார்.

“விநாடி பஹக்” என்று நர்ஸம்மா சிங்களத்தில் ஐந்து நிமிஷம் கேட்டு ஐந்து விரலைக் காட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. டிரைவர் தாளைப் பார்த்தார், ஐயாவின் காதைப் பார்த்தார். போய் இன்னொரு தேத்தண்ணிக்குச் சொன்னார்.

இருபது. இருபத்தைந்து. இப்போது யாரும் எண்ணவில்லை. ஐயாவின் காதிலிருந்து ஒரு துளி வழிந்து கோட்டுக் காலரில் விழுந்தது. முப்பதாவது பொட்டில் நர்ஸம்மா பஞ்சை வைத்துக் காதை இறுகப் பிடித்தார். மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக ஐயாவின் மடியில் வைத்தார். என்னுடையது, நானாவுடையது, அவருடையது.

“ஊசி முனைக்கு இது” என்றார். “பல்லுக்கு வேரு மூணுங்க ஐயா.”

ஐயா தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எவ்வளவு கோபக்காரரானாலும் அவர் தேயிலையின் நிறத்தையும் வாசத்தையும் பார்த்துத் தரம் சொல்கிறவர். கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். “வலி தாங்க முடியலையே நர்ஸம்மா” என்றார். அந்தக் குரலை ஸ்டோரில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“தெரியுதுங்க. வாங்க, பஸ்ல ஏறுவோம். பல் வைத்தியர்கிட்ட இல்ல, ஆஸ்பத்திரிக்கு.”

“நீங்களுமா?”

“இந்தக் காதை யாரு பிடிச்சிக்கிட்டு வர்றது?”

அப்படித்தான் போனார்கள். முன் சீட்டில் ஐயா, பக்கத்தில் அவருடைய காதைப் பிடித்தபடி நர்ஸம்மா. நான் பையோடு நோர்வூட்டில் இறங்கிக்கொண்டேன். அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். ஏறும்போது ஆயம்மாவுக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். அந்த வாரம் பிரசவம் எதிர்பார்த்த இருவரில் யாருக்காவது வலி கண்டால் பக்கத்துத் தோட்டத்து மிட்வைப்பைக் கூப்பிட வேண்டும் என்று.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். அங்கே இருந்த டாக்டர் இளம் வயதுக்காரர். மிட்வைப் ஒருத்தி இதையெல்லாம் ஏன் பார்க்கிறாள் என்ற முகத்தோடு தொடங்கினாராம். இவர் மூன்று தாள்களையும் மேசையில் வைத்தார். டாக்டர் அதற்கு மேல் கேட்காமல் ஐயாவின் கையிலிருந்து ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உறைய வேண்டிய நேரம் தாண்டியும் அது தண்ணீராகவே ஓடியது. அப்போதே வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

“கொழும்பு மாத்திரைய நிறுத்தினாரு. நம்ம பிள்ளைகளுக்குப் போடுறோமே கே விட்டமின், அதைத்தான் அவருக்கும் போட்டாரு. மூணு மணிக்கு என்ன ஆச்சு தெரியுமா? யாரும் தொடாமலே அந்தப் பல்லுக்கடியில ஈறு கசிய ஆரம்பிச்சிருச்சு. பஞ்சு பஞ்சா மாத்துறோம், நிக்கல. நான் கடைசி பஸ்ஸுக்கு வர்ற வரைக்கும் நிக்கல. இன்னிக்குக் காலையிலதான் நின்னுச்சாம், அங்கேருந்து சொல்லி அனுப்பியிருக்காங்க. நான் பாக்கல.”

“பினாங்கு மாத்திரைக்கு டாக்டர் என்ன சொன்னாரு?”

“அப்படி ஒண்ணு நான் படிச்சதில்லைன்னாரு. நானும் படிச்சதில்லைங்க, நிறுத்திப் பாப்போமேன்னு சொன்னேன். சிரிச்சாரு. ஆனா நிறுத்திட்டாரு.”

பிற்காலத்தில் நான் கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அந்த விட்டமினை அதிகமாக விழுங்கக் கூடாது என்று மருந்து கலக்குகிறவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும் என்றேன். மூட்டை தூக்குகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் அடுத்த மூட்டையைத் தூக்கினேன்.

திங்கட்கிழமை பெரிய துரையின் கடிதம் வந்தது. பங்களாவிலிருந்து டிஸ்பென்சரிக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுச் சென்றது குற்றம், உத்தியோகத்தர் ஒருவரைத் தொழிலாளர் முன்னால் அவமானப்படுத்தியது இன்னொரு குற்றம், மறுபடி நடந்தால் வேலையில்லை. நர்ஸம்மா இரண்டு தடவை படித்தார்.

“இதுல பொய் ஒண்ணும் எழுதலையே” என்று மடித்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். அன்று ஏழாம் நம்பர் லயத்தில் ஒரு பிள்ளைக்கு ஐந்தாம் நாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

டீமேக்கர் ஐயா திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று. வந்த மறுநாள் டிஸ்பென்சரிக்கு வந்தார். உத்தியோகத்தர் வீடுகளுக்கு நர்ஸம்மா போவதுதான் வழக்கம், அவர்கள் யாரும் வெளியே நோயாளிகளுக்குக் கிடக்கிற மர வாங்கில் வந்து உட்காருவதில்லை. அதில் இருந்த பெண்கள் நாலு பேரும் அவரைக் கண்டதும் எழுந்துவிட்டார்கள். மெலிந்திருந்தார். கையில் ஆஸ்பத்திரிக் கடிதம்.

உள்ளே ஒரு கிழவரின் கைக்கட்டை மாற்றிக்கொண்டிருந்த நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். “வாங்க ஐயா. உங்களுக்கு முந்தி நாலு பேரு இருக்காங்க.”

 ஐயா வாங்குப் பக்கம் திரும்பினார். பிறகு, “நீங்கல்லாம் உக்காருங்க” என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர்கள் நெருங்கி உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார்கள். 

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அவர் முறை வந்தது. கடிதத்தை நீட்டினார். மாத்திரையைக் குறைந்த அளவில் மறுபடி தொடங்கியிருக்கிறது, பல்லை ஆஸ்பத்திரியிலேயே பிடுங்கலாம், அதற்கு முன்னால் தோட்டத்து மிட்வைப் காதில் ஒரு தடவை பார்த்து எழுதி அனுப்ப வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார்.

நர்ஸம்மா காதைத் துடைத்துக் குத்தினார். எட்டுப் பொட்டு. அதற்கு மேல் தாள் வெள்ளையாக வந்தது. இன்னும் இரண்டு தடவை ஒற்றிப் பார்த்தார். தாளின் மூலையில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தார்.

“சனிக்கிழமை போங்க.”

ஐயா தாளைச் சட்டைப் பைக்குள் வைத்தார். போகாமல் நின்றார். “நீங்களும் வர்றீங்களா நர்ஸம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“லீவு கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். துரை குடுக்கலைன்னாலும் வருவேன்” என்றார் நர்ஸம்மா.